60 வயதில் கையில் என்ன இருக்கும்?

சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் சேமிப்புக் கணக்கு

அரசாங்க அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெறுகிறார். மாலை போடுகிறார்கள். பொன்னாடை போர்த்துகிறார்கள். காரில் ஏற்றி வீடு வரை கொண்டுவந்து விடுகிறார்கள். வாசலில் மனைவி ஆரத்தி எடுக்கிறாள்.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி பிறக்கிறது. சம்பளம் இல்லை. "இனி மாதாமாதம் என்ன வரும்?" என்ற கேள்வி அன்றுதான் வீட்டில் எழுகிறது.

"கால் காசானாலும் கவர்மெண்டு உத்தியோகம்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். சம்பளத்தை மட்டும் நினைத்து அப்படிச் சொல்லவில்லை. வேலை முடிந்த பிறகும் சாகும் வரை பென்ஷன் வரும் என்ற தைரியத்தில் சொன்னார்கள். அந்தப் பென்ஷனின் உருவம் இப்போது மாறிவிட்டது.

ஒரு நாள் வித்தியாசம்

மத்திய அரசில் 2003 டிசம்பர் 31-ந் தேதி வேலைக்குச் சேர்ந்தவருக்குப் பழைய பென்ஷன். மறுநாள், 2004 ஜனவரி 1-ந் தேதி சேர்ந்தவருக்குத் தேசிய ஓய்வூதியத் திட்டம். ராணுவத்தினருக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாட்டு அரசில் அதற்கு முன்பே, 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்துவிட்டது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பழைய முறையில் பென்ஷனுக்காகச் சம்பளத்தில் பிடித்தம் இல்லை. கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன். விலைவாசி ஏறினால் அகவிலைப்படியும் ஏறும். வருங்கால வைப்பு நிதியில் அவர் போட்டுவந்த பணம் தனி.

தேசிய ஓய்வூதியத் திட்டத்தில், சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 100-க்கு 10 ரூபாய் ஊழியரிடம் பிடிக்கப்படுகிறது. மத்திய அரசும் முதலில் 10 ரூபாய் போட்டது. 2019 ஏப்ரல் முதல் 14 ரூபாய் போடுகிறது. இந்தப் பணம் கடன் பத்திரங்களிலும் பங்குகளிலும் முதலீடு செய்யப்படுகிறது. 60 வயதில் என்ன சேர்ந்திருக்கிறதோ அதுதான் அவருக்கு ஆதாரம்.

ஆகவே, ஒவ்வொரு வயதிலும் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது இன்று குடும்பத்துக்கே முக்கியமான கேள்வி ஆகிவிட்டது.

ஒரு கணக்கு

எளிய உதாரணம் ஒன்றைப் பார்க்கலாம். 25 வயதில் ஒருவர் வேலைக்குச் சேருகிறார். சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து சுமார் 41,700 ரூபாய். அவர் பங்கும் அரசின் பங்கும் சேர்ந்து மாதம் 10,000 ரூபாய் கணக்கில் விழுகிறது. சம்பள உயர்வை விட்டுவிடுவோம். வருடத்துக்கு 8 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால்:

30 வயதில் சுமார் 7 லட்சம்.
35 வயதில் சுமார் 17 லட்சம்.
45 வயதில் சுமார் 55 லட்சம்.
55 வயதில் சுமார் 1 கோடியே 36 லட்சம்.
60 வயதில் சுமார் 2 கோடியே 7 லட்சம்.

முதல் 10 ஆண்டில் சேர்ந்தது 17 லட்சம்தான். கடைசி 5 ஆண்டில் மட்டும் 71 லட்சம் சேருகிறது. அந்த 5 ஆண்டில் போட்ட பணமோ வெறும் 6 லட்சம். மற்றதெல்லாம் பழைய பணம் ஈன்ற குட்டி!

இதனால்தான் 30 வயதில் கணக்கைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று மனம் தளரக் கூடாது. 55 வயதில் பார்த்து, "போதும், எடுத்துவிடலாம்" என்று அவசரப்படவும் கூடாது.

தாமதமாக வந்தவர்

இன்னொருவர் 35 வயதில் வேலைக்கு வருகிறார். அதே 10,000 ரூபாய். அதே 8 சதவீதம். 60 வயதில் அவர் கணக்கில் சுமார் 88 லட்சம் இருக்கும். முதலாமவரை விட 12 லட்சம் குறைவாகப் போட்டார். கிடைப்பதில் 1 கோடியே 19 லட்சம் குறைந்துவிட்டது.

பரீட்சை எழுதி எழுதி, வயது வரம்பு முடியும் தறுவாயில் வேலை பெறுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் பணம் குட்டி போடுவதற்குக் காலம் வேண்டும். அந்தக் காலம்தான் அவர்களுக்கு இல்லை. சில ஆண்டுகளே வேலை பார்த்து ஓய்வு பெற்றால் கணக்கில் இருப்பது சொற்பம். அதிலிருந்து வரும் மாதப் பணமும் சொற்பம். பழைய பென்ஷன் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்ததற்கு இது ஒரு காரணம். ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாசலப் பிரதேச மாநில அரசுகள் 2022, 2023-ம் ஆண்டுகளில் பழைய பென்ஷனுக்குத் திரும்ப முடிவு செய்தன. மேற்கு வங்காளம் புதிய திட்டத்தில் சேரவே இல்லை.

நடுவில் எடுத்தால்?

பிள்ளைகளின் மேல்படிப்பு, கல்யாணம், வீடு, வைத்தியம் ஆகியவற்றுக்காக, ஊழியர் தாம் போட்ட பணத்தில் 4-ல் ஒரு பங்கு வரை எடுக்க இடம் உண்டு. தேவை வந்தால் எடுக்கத்தான் வேண்டும். உயிரை விடப் பணம் பெரிதல்ல. ஆனால் விலை தெரிந்து எடுக்க வேண்டும். 35 வயதில் எடுக்கும் 1 லட்சம், அதே 8 சதவீதக் கணக்கில், 60 வயதில் சுமார் 6 லட்சத்து 85 ஆயிரமாக வளர்ந்திருக்கும். பந்தலுக்கும் பலகாரத்துக்கும் கொடுக்கும் விலையா அது?

கோடி என்றதும் மயங்கலாமா?

2 கோடி என்றதும் வாயைப் பிளக்க வேண்டாம். விலைவாசி வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால், இன்று 100 ரூபாய்க்கு வாங்கும் சாமான் 35 ஆண்டு கழித்து சுமார் 550 ரூபாய். அப்போதைய 2 கோடியே 7 லட்சம், இன்றைய மதிப்பில் சுமார் 37 லட்சம்தான்.

முழுப் பணமும் கைக்கு வந்துவிடாது. குறைந்தது 40 சதவீதத்தைக் கொடுத்து, ஆயுள் முழுவதும் மாதப் பணம் தரும் திட்டத்தை வாங்க வேண்டும். நம் உதாரணத்தில் அது சுமார் 83 லட்சம். வருடத்துக்கு 6 சதவீதம் கிடைத்தால் மாதம் சுமார் 41,000 ரூபாய். வழக்கமான திட்டத்தில் இது அப்படியே நிற்கும். அகவிலைப்படி போல ஏறாது.

மூன்றாவது வழி

இந்தக் கவலைக்குப் பதிலாக மத்திய அரசு ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தை 2025 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்தது. விரும்பியவர் சேரலாம் என்று வைத்தது. இதிலும் ஊழியர் 10 சதவீதம் கட்ட வேண்டும். அரசின் பங்கு 18.5 சதவீதம். 25 ஆண்டு வேலை பார்த்திருந்தால், கடைசி 12 மாத அடிப்படைச் சம்பள சராசரியில் பாதி உறுதி. விலைவாசிப் படியும் உண்டு. 10 ஆண்டு வேலை பார்த்தவருக்குக் குறைந்தது மாதம் 10,000 ரூபாய். ஊழியர் இறந்தால் குடும்பத்துக்கு அந்தத் தொகையில் 60 சதவீதம்.

இங்கும் வயது விடுவதாக இல்லை. 35 வயதில் சேர்ந்தவருக்கு 60-ல் சரியாக 25 ஆண்டு. பாதி கிடைக்கும். 40 வயதில் சேர்ந்தவருக்கு 20 ஆண்டுதான். 50 சதவீதம் 40 ஆகக் குறைந்துவிடும். மேலும், மாதப் பணம் உறுதி என்பதற்கு ஈடாக, சேர்ந்த தொகை பொது நிதிக்குப் போய்விடும். கையில் மொத்தப் பணம் வேண்டுமா, மாதம் தவறாத வரும்படி வேண்டுமா என்பதுதான் கேள்வி.

குடும்பம் செய்ய வேண்டியது

கணக்கு அவர் பெயரில் இருக்கலாம். கவலை வீட்டுக்கே சொந்தம். வருடத்துக்கு ஒரு தடவையாவது கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து கணக்குச் சீட்டைப் பார்க்க வேண்டும். மாதாமாதம் இரண்டு பங்கும் விழுந்திருக்கிறதா? வாரிசு நியமனம் சரியாக இருக்கிறதா? கல்யாணத்துக்கு முன் எழுதிய பெயரே இன்னும் நிற்கிறதா? இந்த மூன்றையும் கவனித்தால் பாதிக் கவலை தீரும்.

ஓய்வு பெறும் நாளில் போட்ட மாலை மறுநாள் வாடிவிடும். ஒன்றாம் தேதி மட்டும் மாதம் தவறாமல் வரும். அதற்கான ஏற்பாட்டை முதல் சம்பளம் வாங்கும் நாளிலேயே தொடங்க வேண்டும்.