கைகாலும் கைக்குட்டையும்

கொரிய மொழியும் தமிழும் ஒரே குடும்பம் என்று சொல்லும் காணொளி மாதத்துக்கு ஒன்றாவது விட்பியில் எங்கட வட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். அங்கேயும் அப்பாவுக்கு 'அப்பா'தானாம். உடனே பத்துப் பேர் கைகூப்புவார்கள். கதை புதிசு இல்லை. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழியைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு ஓர் இலக்கண நூல் எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அம்மா, அப்பா மாதிரிச் சொற்கள் உலகத்தில் பல மொழிகளில் இருக்கின்றன. அதை வைத்துச் சொந்தம் கொண்டாட ஏலாது.

எனக்குப் பிடித்த ஒற்றுமை வேறு. இரண்டு பெயர்ச்சொல்லை ஒட்டுகிற விதம். கொரிய மொழியில் 'நுன்' கண், 'முல்' தண்ணீர். சேர்ந்தால் 'நுன்முல்', கண்ணீர். 'சொன்' கை, 'பால்' கால். 'சொன்பால்' என்றால் கைகால். ஆனால் உள்ளங்கையை 'சொன்பாதக்' என்று எழுதிவிட்டு 'சொன்ப்பாதக்' என்று அழுத்திச் சொல்கிறார்கள். 'பாதக்' என்றால் தரை, அடிப்பக்கம். கையும் காலும் என்று இரண்டும் சமமாக நிற்கும்போது அழுத்தம் இல்லை. ஒன்று மற்றதற்கு உரியது என்று வரும்போது அழுத்தம் வருகிறது. விதிவிலக்கும் நிறைய. மீனுக்கு 'முல்க்கோகி' என்று அழுத்துகிறவர்கள் 'புல்கோகி'யை அழுத்துவதில்லை.

இப்ப தமிழைப் பாருங்கள். கைகால், தாய்தந்தை: ஒற்று இல்லை. கைக்குட்டை, கைப்பிடி: ஒற்று உண்டு. நன்னூல் முன்னதை உம்மைத்தொகை என்கிறது, பின்னதை வேற்றுமைத்தொகை என்கிறது. வேலையிடத்தில் ஒரு கொரிய நண்பருக்கு இதைச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். எங்கட பிள்ளைகளுக்கோ சனிக்கிழமை வகுப்பில் கிடைப்பது சிவப்பு மை: 'க்' விட்டுட்டாய், 'ப்' விட்டுட்டாய். ஏன் அங்கே வரவேண்டும் என்று ஒருத்தரும் சொல்வதில்லை.

"பிள்ளைகள் தமிழ் கதைக்கிறதே பெரிசு, இலக்கணம் எதுக்கு?" என்று கேட்பார்கள். ஆறு தொகையின் பெயரையும் பாடமாக்கச் சொல்லவில்லை. அது இந்த வயதில் வேண்டாம், சலித்துப்போகும். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை 'கைகுட்டை' என்று சொல்லாது. காது ஏற்கெனவே அறிந்ததைக் கண்ணுக்குக் காட்டினால் போதும்.

காட்டினால் என்ன பிரயோசனம்? பிள்ளை தானே சொல் செய்யும். போன குளிர்காலம் என் மகள் வின்டர் பூட்ஸுக்கு 'பனிச்சப்பாத்து' என்று எழுதினாள். 'ச்' தானாக வந்து நிற்கிறது, பாருங்கள். சொற்பட்டியலில் இல்லை என்று வகுப்பில் அதை வெட்டிவிட்டார்கள். எனக்குக் கோபம்தான். மின்னஞ்சலும் மடிக்கணினியும் எந்தப் பழைய பட்டியலில் இருந்தன? யாரோ ஒருவர் ஒட்டிப் பார்த்த சொற்கள்தானே அவையும்? சென்னையும் கொழும்பும் செய்து அனுப்பும் சொல்லுக்காகவே இங்கே காத்திருக்க வேண்டுமென்றால், எங்கட குளிருக்கும் பனிக்கும் எப்ப சொல் வரும்?

தை மாதம் வகுப்புத் தொடங்கும்போது பட்டியலை ஒரு நாள் ஓரமாக வையுங்கள். 'பனி' என்று பலகையில் எழுதி, கட்டி, புயல், தரை, மலை, சப்பாத்து எல்லாவற்றையும் பிள்ளைகளிடமே ஒட்டக் கொடுங்கள். பனிக்கட்டி, பனிப்புயல், பனித்தரை என்று வந்துகொண்டே இருக்கும். 'பனிமலை'யில் மட்டும் ஏன் ஒன்றும் வரவில்லை என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். க, ச, த, ப நாலுக்கும்தான் இந்த வேலை, 'ம' அந்தக் கூட்டத்தில் இல்லை என்ற பதிலோடு ஆசிரியர் வந்தால் சரி.