லொறி சரி, மரம் சரியா?

மொடல் செய்யிற ஆக்களைப் பற்றி எங்கட சனத்திட்ட இரண்டு விதமான கதைதான் இருக்கு. ஒன்று, "வேலை வெட்டி இல்லாத ஆக்கள்." மற்றது, "என்ன பொறுமையப்பா!" முதலாவது ஆள் செலவழிஞ்ச நேரத்தைப் பார்க்கிறார். இரண்டாவது ஆள் செய்தவரின்ர பொறுமையைப் பார்க்கிறார். இரண்டு பேரும் மொடலைப் பார்க்கிறதில்லை. அது என்ன சொல்லுது, அதைச் சரியாச் சொல்லுதா என்று கேட்க ஒருத்தரும் இல்லை.

இந்தக் கட்டுரையில் நான் அதைத்தான் கேட்கப் போகிறேன். உதாரணத்துக்கு எடுத்திருப்பது வட அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் மரக்குற்றி ஏற்றுகிற லொறி. உண்மையான லொறி இல்லை, அதை 25இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்யிற பிளாஸ்ரிக் மொடல்.

ஏன் இந்த லொறி? பெட்டிக்குள் வாறதை அப்படியே ஒட்டினால் நல்ல மரக்குற்றி லொறி வராது, அதுதான் காரணம். ஏ.எம்.ரி. என்ற அமெரிக்க மொடல் கொம்பனியின் கதையைப் பாருங்கள். 1948இல் தொடங்கிய அந்தக் கொம்பனி முதலில் செய்தது கார் விற்பனை நிலையங்களுக்கான விளம்பரக் குட்டிக் கார்கள். பொருத்திச் செய்யிற கிட் பெட்டிகள் பிறகுதான் வந்தன. 1970ஆம் ஆண்டளவில் பீற்றர்பில்ற் 359 லொறியையும் அவர்கள் கிட்டாக விட்டார்கள். நெடுஞ்சாலையில் ஓடுகிற, குரோம் மின்னுகிற லொறி அது. பியர்லெஸ் என்ற மரக்குற்றி ட்ரெய்லரின் கிட்டும் அவர்களிடமிருந்து வந்தது. இரண்டையும் வாங்கிக் கொழுவிவிட்டால் பார்க்க மரக்குற்றி லொறி மாதிரித்தான் இருக்கும். ஆனால் காட்டுக்குள் ஒரு கிழமை ஓடின லொறி மாதிரி இருக்காது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. பீற்றர்பில்ற் என்ற பெயரே மரத்தோடு வந்த பெயர். வாஷிங்டன் மாநிலத்தின் ரக்கோமாவில் மர ஆலை வைத்திருந்த ரி.ஏ. பீற்றர்மன், காட்டிலிருந்து ஆலைக்குக் குற்றி கொண்டுவர நல்ல லொறி தேடினார். பழைய இராணுவ லொறிகளைத் திருத்தி ஓட்டிப் பார்த்தார். கடைசியில் கலிபோர்னியாவில் நொடிந்துபோயிருந்த ஃபேஜோல் லொறிக் கொம்பனியையே வாங்கிவிட்டார். 1939இல் அதுதான் பீற்றர்பில்ற் ஆனது. மரத்துக்காகப் பிறந்த லொறி, பெட்டிக்குள் வரும்போது நெடுஞ்சாலை மினுக்கத்தோடு வருகிறது. கிட்டை மாற்றிச் செய்யிறவர் அந்த மினுக்கத்தைக் கழற்றித்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

என்ன என்ன மாற்ற வேண்டும்? சாதாரண ட்ரெய்லரைக் கொழுவுகிற தட்டு முதலில் போக வேண்டும். அந்த இடத்தில் குற்றியைத் தாங்குகிற குறுக்குச் சட்டம் வரும். அதன் இரண்டு கரையிலும் நிமிர்ந்த கம்பங்கள். வளைவில் திரும்பும்போது சட்டமும் சேர்ந்து திரும்ப வேண்டும். ஓட்டுநர் இருக்கிற பெட்டிக்குப் பின்னால் கனமான தடுப்பு ஒன்று. பிரேக் பிடிக்கும்போது குற்றி முன்னால் வழுக்கி வந்தால் முதலில் அடிபடுறது ஓட்டுநரின் முதுகுதானே. நீளமான மலை இறக்கங்களில் ஓடுகிற பெரிய லொறிகளில் தண்ணீர்த் தாங்கியும் இருக்கும். குடிக்க இல்லை. சூடாகிற பிரேக்கில் தண்ணீர் விட்டுக் குளிராக்க.

பின்பக்கச் சில்லுகள் இன்னும் சுவாரசியமானவை. லொறிக்கும் பின் ட்ரெய்லருக்கும் நடுவில் தளம் ஒன்றும் இல்லை, ஒரு நீளத் தண்டு மட்டும்தான். குற்றியின் நீளத்துக்கு ஏற்ற மாதிரி அந்தத் தண்டை நீட்டலாம், குறைக்கலாம். குற்றிகளை ஏற்றிக் கட்டின பிறகு, லொறியின் உடம்பே அந்தக் குற்றிகள்தான். வெறுமையாகத் திரும்பும்போது ட்ரெய்லரைத் தூக்கி லொறியின் முதுகில் வைத்துவிடுவார்கள். குழந்தையைத் தோளில் தூக்கின தகப்பன் மாதிரி அது மலை ஏறும்.

இதையெல்லாம் பிளாஸ்ரிக் தகட்டை வெட்டி, சின்னக் குழாய்களைக் கொழுவி, வேறு கிட்டுகளில் மிஞ்சின துண்டுகளைப் பொறுக்கிச் செய்கிறார்கள். இதற்குப் பாவிக்கிற பசை பிளாஸ்ரிக்கின் மேற்பரப்பை இளக்கி இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும். பிழையாக ஒட்டினால் உடைத்துத்தான் எடுக்க வேணும். ஆகவே ஒட்ட முதல் யோசிக்க வேணும்: இந்தத் துண்டு ஏன் இங்க இருக்கு, என்ன பாரத்தைத் தாங்குது? சின்ன வயதில் பனங்காய் வண்டி செய்தவர்களுக்கு இது விளங்கும். அச்சுத் தடி எங்க குத்தினால் வண்டி இழுபடாமல் ஓடும் என்று புத்தகம் படித்து ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்ல. கை செய்து செய்துதான் கண்டுபிடிச்சது. கலைப்பீடத்தில் நாங்கள் பிரதியை வாசிக்கப் படிக்கிறோம். ஒரு பொருளையும் அப்படி வாசிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஓர் அளவைப் பாருங்கள். அமெரிக்கப் பொது வீதியில் லொறியின் அகலம் பொதுவாக எட்டரை அடியைத் தாண்டக் கூடாது. 25இல் ஒரு பங்கு மொடலில் அது பத்துச் சென்ரிமீற்றரைக் கொஞ்சம் தாண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், வான்கூவரில் செய்யப்பட்ட ஹேய்ஸ், பசிபிக் மாதிரிப் பெரிய காட்டு லொறிகளில் குறுக்குச் சட்டம் பதினான்கு அடி அகலம்கூட வரும். மொடலில் அது பதினேழு சென்ரிமீற்றர். அந்த ஏழு சென்ரிமீற்றர் வித்தியாசம் ஒரு பெரிய கதை. இந்த லொறி பொது வீதிக்கு வராது. காட்டுக்குள் மரக் கொம்பனி போட்ட வீதியிலதான் ஓடும், அங்க வேற சட்டம் என்று அது சொல்கிறது. நல்ல மொடல்காரர் இந்த ஏழு சென்ரிமீற்றரை விடமாட்டார். படங்களைத் தேடி, அளந்து, ஆணித் தலை வரைக்கும் சரிபார்ப்பார்.

இவ்வளவு மரியாதையோடு சொன்ன பிறகுதான் என்ர முறைப்பாட்டைச் சொல்ல வேணும்.

ஆணித் தலை வரைக்கும் சரிபார்த்த அதே ஆள், கடைசியில் தோட்டத்துக்குப் போய் நாலு கிளையை முறித்து வந்து, அளவாக வெட்டி, லொறியில் அடுக்கிவிடுகிறார். மொடல் முடிஞ்சுது! உண்மையான மரம்தானே, இதைவிட உண்மை என்ன வேணும்?

அங்கதான் பிழைக்குது. ஒரு மீற்றர் விட்டமுள்ள டக்ளஸ் ஃபேர் மரத்தின் குற்றி மொடலில் நாலு சென்ரிமீற்றர் தடிப்பு. நாலு சென்ரிமீற்றர் கிளையை வெட்டி அதன் முகத்தைப் பாருங்கள். பத்தோ பதினைந்தோ வளையம் இருக்கும். அந்தப் பெரிய மரத்தின் முகத்தில் நூற்றுக்கணக்கில் இருந்திருக்கும். மரப்பட்டையும் அப்படித்தான். கிளையின் பட்டை வழுவழுப்பாக இருக்கும். முதிர்ந்த மரத்தின் பட்டை கை போகிற அளவுக்கு வெடித்திருக்கும். லொறியைச் சுருக்கலாம். மரத்தின் வயதை அப்படிச் சுருக்க ஏலாது. கிளையை ஏற்றினால், பெரிய மரம் மாதிரி வேஷம் போட்ட ஒரு சின்ன மரம்தான் அங்க இருக்கும்.

இது வெறும் நுணுக்கப் பிரச்சினை இல்லை. மரக்குற்றி லொறியில் திகதி எழுதியிருக்கிற இடமே அந்தச் சுமைதான். பழைய படங்களில் ஒரே ஒரு குற்றியோடு, அல்லது மூன்று குற்றியோடு லொறி நிறைஞ்சு நிற்கும். இன்றைக்கு அதே வீதியில் போகிற லொறியில் முப்பது, நாற்பது மெல்லிய குற்றிகள் இருக்கும். அவை வெட்டின காட்டில் திரும்ப முளைத்து, நாற்பது ஐம்பது வருடத்தில் திரும்ப வெட்டப்பட்டவை. நடுவில் என்ன நடந்தது என்பதைச் சொல்லுறது லொறியின் பம்பர் இல்லை, அந்தக் குற்றிகளின் எண்ணிக்கைதான்.

அந்த நடுவில் சண்டையும் இருக்கு. 1985இல் ஹைடா மக்கள் தங்கட லயல் தீவில் மரக் கொம்பனியின் வீதியை மறித்தார்கள். 72 பேர் கைதானார்கள். 1993இல் வான்கூவர் தீவின் கிளயோக்குவட் பகுதியில் நடந்த மறியலில் 800 பேருக்கு மேல் கைது. அவர்கள் மறித்தது இதே மாதிரி லொறிகள் போகிற பாதையைத்தான்.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேணும். 1990இல் அமெரிக்க அரசு, பழைய காட்டில் வாழ்கிற புள்ளி ஆந்தையை அழிவு அச்சத்தில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது. பெரிய பரப்பில் மரம் வெட்டுறது நின்றது. ஆலைகள் மூடின, சின்னச் சின்ன ஊர்கள் வருமானம் இல்லாமல் நின்றன. மரம் வெட்டுறது அமெரிக்காவில் ஆக அதிகமாக உயிரைப் பறிக்கிற தொழில்களில் ஒன்று. அந்த ஆபத்தைத் தாங்கிச் செய்த தொழிலையும் பறிச்சால் ஆத்திரம் வராதா? அவர்கள் தங்கட லொறிகளிலேயே ஊர்வலம் போனார்கள். ஒரிகனிலும் வாஷிங்டனிலும் மஞ்சள் ரிப்பன் அவர்கட அடையாளம் ஆனது. லொறியின் அன்ரெனாவில் அதைக் கட்டினார்கள்.

மொடலில் அந்த ரிப்பன் ஒரு நூல் துண்டு. ஒரு சதச் செலவும் இல்லை. ஆனால் அந்த நூலைக் கட்டின உடனே லொறிக்கு ஓர் ஆண்டு வந்துவிடுகிறது, ஓர் ஊர் வந்துவிடுகிறது, உள்ளுக்குள் இருக்கிற ஓட்டுநருக்கு ஒரு கோபம் வந்துவிடுகிறது. நான் கேட்கிற நுணுக்கம் இந்த மாதிரியானது.

"இது பொழுதுபோக்கு. இதுக்குள்ளயும் அரசியலைக் கொண்டு வாறீங்களா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒருவர் நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து, நிம்மதிக்காகத் தகடு வெட்டி ஒட்டுகிறார். அவரிடம் காட்டின் வரலாறு கேட்க எனக்கு என்ன உரிமை? ஆனால் சரியாக இருக்க வேணும் என்ற சட்டத்தை நான் போடேல்ல, அவர்கள்தான் போட்டார்கள். ரயரின் அளவு பிழை என்றால் தூக்கம் வராத ஆக்கள் அவர்கள். அந்த அக்கறை சில்லில் தொடங்கிச் சட்டத்தோடு ஏன் நிற்கிறது என்றுதான் கேட்கிறேன். வளையங்களை மெல்லிய பென்சிலால் கீறலாம். பட்டைக்குக் களியைப் பூசி ஊசியால் கிழிக்கலாம். இந்தக் கைகளுக்கு அது முடியாத வேலையே இல்லை.

எங்கட நாட்டில் இந்த மாதிரிக் கிட்டுகள் கிடைக்கிறது அரிது, கிடைச்சாலும் மாணவர் காசுக்குக் கட்டாது. ஆனால் காட்போட் மட்டையிலும் ரெஜிபோமிலும் பஸ் செய்யிற பெடியன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கண்ணாடி ஸ்ரிக்கர், ஹோர்ன், சாமிப் படம் வரைக்கும் அச்சொட்டாகச் செய்வார்கள். அடுத்த முறை அப்படி ஒன்றைக் கண்டால் "நல்லா இருக்கு" என்பதோடு விட்டுவிடாதீர்கள். இது எந்த வருடத்துப் பஸ், எந்த றூட், உள்ளுக்குள் ஆர் இருந்து போனது என்று கேளுங்கள். செய்தவருக்குச் சந்தோசமாக இருக்கும். பதில் தெரியாவிட்டால் தேடத் தொடங்குவார். அப்படித் தேடினால் அடுத்த பஸ்ஸில் ஒரு பயணியாவது இருக்கும்.