லென்ஸ் பெருத்தது, ஏரி சிறுத்தது

ஐப்பசி பிறந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை 5 மணிக்கு ராசிபுரம் டீக்கடைகளில் ஒரு தனிக் கூட்டத்தைப் பார்க்கலாம். கழுத்தில் கேமரா, தோளில் பீரங்கி மாதிரி ஒரு லென்ஸ், ராணுவத்துக்கு ஆள் எடுத்தது போல பச்சைச் சட்டை. பாதிப் பேர் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை நோக்கி. மீதிப் பேர் வெள்ளோடு, வேடந்தாங்கல், கூந்தன்குளம் என்று காரைக் கிளப்பிக்கொண்டு. திங்கட்கிழமை காலையில் படம் வந்துவிடும். பின்னால் மங்கலான பச்சைத் திரை, நடுவில் ஒரு வெண்மார்பு மீன்கொத்தி, கீழே "இலையுதிர் காலத்து விருந்தாளி" என்று ஒரு வரி.

சின்ன விஷயம்தான், ஆனாலும் கேட்க வேண்டியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் எந்த மரம் இலையை உதிர்த்தது? போதமலையும் கொல்லிமலையும் அப்போதுதான் மழை குடித்துவிட்டுப் பச்சைப்பசேல் என்று நிற்கும். இலை கொட்டுவதெல்லாம் தை, மாசிக்கு மேல். ஐப்பசி, கார்த்திகைக்குக் கூதிர் என்று தமிழில் தனிப் பெயரே இருக்கிறது. அப்புறம், அந்த மீன்கொத்தி விருந்தாளியும் இல்லை. வருஷம் பூராவும் இங்கேயே குடியிருக்கிற உள்ளூர்க்காரர் (ரேஷன் கார்டு மட்டும்தான் இல்லை).

நிஜமான விருந்தாளிகள் வேறு. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன், விதவிதமான உள்ளான்கள். மத்திய ஆசியா, சைபீரியா பக்கமிருந்து புரட்டாசி வாக்கில் வர ஆரம்பிக்கும். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டி விடப்பட்ட வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டித் தென்னிந்தியா வரை வந்திருக்கின்றன. ஆனால் இதில் ஒரு சங்கடம். ஆண் வாத்துகள் இனப்பெருக்கம் முடிந்ததும் பகட்டான இறகுகளை உதிர்த்துவிடும். இங்கே வந்து இறங்கும்போது பல வாத்துகள் பெட்டை மாதிரியே மண் நிறத்தில்தான் இருக்கும். மண் நிற வாத்துக்கு யார் லைக் போடுவார்கள்? எனவே கேமரா மீன்கொத்தியிடமே திரும்பிவிடுகிறது.

சரி, படம்தானே எடுக்கிறார்கள், யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது, அது பறவையின் கணக்கில் எழுதப்படுகிறது. பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கரையோரம் நகர்ந்து நகர்ந்து போய் மொத்தக் கூட்டத்தையும் எழுப்பி விடுகிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, உடம்பில் இருந்த கொழுப்பையெல்லாம் செலவழித்துவிட்டு, இப்போதுதான் தின்று தேற்றிக்கொள்ள உட்கார்ந்த பறவை அது. அதைத் தேவையில்லாமல் கிளப்பும் ஒவ்வொரு தடவையும் இரை தின்னும் நேரமும் போகிறது, தின்று சேர்த்த சக்தியும் போகிறது. மலைக்காட்டில் இன்னொரு கூத்து. மொபைலில் பறவையின் குரலைப் போட்டு விடுகிறார்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது இரையை விட்டுவிட்டுச் சண்டைக்கு ஓடி வருகிறது. கூட்டை மறைக்கிற இலைகளைக் கிள்ளிவிட்டுப் படம் எடுப்பவர்களும் உண்டு. அவர்கள் போனபிறகு அந்த இடைவெளி வழியாக காக்கையும் எட்டிப் பார்க்கும். இதனால்தான் பல புகைப்படப் போட்டிகளில் கூட்டுப் படங்களை வாங்குவதே இல்லை.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்தான் என்பார்கள். இந்தக் காலத்து வில்லாளிகளுக்கு ஒரு சிட்டுக்கு நொடிக்கு 20 'ஷாட்' தேவைப்படுகிறது. இதற்குப் பெயர் இயற்கை ஆர்வமாம்!

இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு ஒன்று இருக்கிறது. வேடந்தாங்கலுக்குக் கிளம்பிய கார் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் எத்தனை ஏரிகளைக் கடந்து போகிறது? யாராவது ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்களா? இறக்க மாட்டார்கள். சீமைக்கருவேலம், கரையில் கொட்டிய கோழிக்கழிவு, மழை பெய்தால் புளித்த வாடையோடு வருகிற ஜவ்வரிசி ஆலைத் தண்ணீர். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இது புதிய செய்தி இல்லை, திருமணிமுத்தாறு பல வருஷமாகச் சுமக்கிற சங்கதி. ஆனால் அந்தத் தண்ணீரில்தான் தாழைக்கோழி நீந்துகிறது, முக்குளிப்பான் முங்குகிறது, ஐப்பசியில் உள்ளான்கள் இறங்குகின்றன. படத்துக்குப் பின்னணி சரியில்லை என்பதற்காக அவை கணக்கிலேயே வராமல் போகின்றன.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஸ்டாக் ரெஜிஸ்டர் இல்லாத கடையில் சரக்கு காணாமல் போனால் திருட்டு என்று நிரூபிக்கவே முடியாது. ஓப்பனிங் ஸ்டாக் தெரியாதே! ஏரியும் அப்படித்தான். போன வருஷம் எத்தனை வாத்து வந்தது என்று எழுதி வைக்காத ஏரியில் நாளைக்கு மண்ணைக் கொட்டி மனை போட்டால், "இங்கே பறவையே வந்ததில்லையே" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.

வேடந்தாங்கலையே எடுத்துக்கொள்வோம். 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊர்க்காரர்கள் எழுதி வாங்கினார்கள் என்பது அந்த ஊரின் வரலாறு. அப்போது கேமராவே கிடையாது! அப்பேர்ப்பட்ட இடத்தின் 5 கிலோமீட்டர் சுற்றெல்லையைச் சுருக்க 2020-ல் ஒரு யோசனை வந்தது. எதிர்த்தவர்கள் சொன்ன முக்கியமான வாதம், பறவைகள் கூடு கட்டுவது ஏரிக்குள், இரை தேடுவது சுற்றியுள்ள ஏரியிலும் வயலிலும் என்பது. மரத்தில் உட்கார்ந்த கூழைக்கடாவின் படம் லட்சம் இருந்தாலும் இந்த வாதத்துக்கு உதவாது. எந்தப் பறவை, எங்கே, எப்போது, எத்தனை என்று குறித்து வைத்த நோட்டுதான் உதவும்.

2023-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. அதில் 178 வகைகளை உடனடி அக்கறை தேவைப்படுபவை என்று பட்டியலிட்டது. தூர தேசத்திலிருந்து வலசை வருகிறவை, முக்கியமாகக் கரையோரப் பறவைகள், அதிகமாகக் குறைந்திருப்பதையும் சொன்னது. இதற்கு ஆதாரம் சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் இ-பேர்ட் தளத்தில் போட்டு வைத்த பட்டியல்கள். பரிசு வாங்கிய படங்கள் அல்ல.

உடனே ஒரு பதில் வரும். "படத்தைப் பார்த்துத்தானே சனங்களுக்கு ஆர்வம் வருகிறது?" உண்மைதான், மறுக்க வேண்டியதில்லை. மா. கிருஷ்ணனைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமா? தானே ஒட்டுப்போட்டுச் சேர்த்த கனமான கேமராவில், கறுப்பு வெள்ளையில் மட்டும் எடுத்தவர். ஆனால் அவர் 1950 முதல் 1996-ல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் விடாமல் எழுதினார், காக்கையையும் மைனாவையும் கூட விடாமல். பார்ப்பது முதல், படம் அப்புறம். இன்றைய கூட்டம் அதை அப்படியே தலைகீழாகப் பிடித்திருக்கிறது.

"வாரம் பூரா உழைத்துவிட்டு ஒரு நாள் நிம்மதிக்காகப் போகிறோம், அதற்கும் பாடம் எடுப்பதா?" என்று இன்னொரு கேள்வி. தாராளமாகப் போகட்டும். ஆனால் அதற்கு "இயற்கைப் பாதுகாப்பு" என்று போர்டு மாட்ட வேண்டாம். பிக்னிக் என்றே சொல்லலாம், பிக்னிக் ஒன்றும் பாவம் இல்லையே.

பாதுகாப்பு என்று சொல்ல ஆசை இருந்தால், செய்ய வேண்டியது ரொம்பச் சாதாரணம். சைக்கிளில் போகிற தூரத்தில் ஒரு ஏரி, அது எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் சரி. புரட்டாசி முதல் பங்குனி வரை வாராவாரம் ஒரு காலை. 15 நிமிஷம் நின்று எண்ணி, மொபைலில் இ-பேர்ட் பட்டியல். பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, அதிலும் கலந்துகொள்ளலாம். இருந்தால் ஒரு சாதாரண பைனாகுலர், இல்லாவிட்டால் வெறும் கண். கேமரா உள்ளவர்கள் பறவையைப் படம் எடுக்கும் அதே கையோடு கழிவுநீர் வந்து விழும் குழாயையும், தேதி தெரிகிற மாதிரி, ஒரு படம் எடுக்கட்டும். அதற்கு லைக் விழாது. கலெக்டர் ஆபீஸ் மனுவோடு இணைக்கலாம்.

இந்த ஐப்பசியில் லென்ஸோடு கிளம்புகிறவர்களிடம் யாராவது ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். ராசிபுரத்தைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு ஏரியில் போன ஐப்பசியில் எத்தனை வாத்து இறங்கியது? பதில் தெரிந்தவர்கள் தாராளமாக வேடந்தாங்கல் போய் வரலாம்.