தடைப் பலகை வானிலை அறிக்கை ஆகாது



ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் காவிரிக் கரையில் ஒரு குரல் கேட்கும். ஒலிபெருக்கி கட்டிய வண்டி பள்ளிபாளையம் பாலத்தடியில் மெதுவாகப் போகும். ஆற்றில் இறங்காதீர்கள், குளிக்காதீர்கள், செல்பி எடுக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே போகும். படித்துறையில் கயிறு கட்டுவார்கள். ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்காருவார். அதோடு அரசாங்கத்தின் கடமை முடிந்தது என்பது பலருடைய எண்ணம்.

தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெள்ளம் வரும்போது தடை போடத்தான் வேண்டும். ஆனால் தடை ஒன்று, வானிலை அறிக்கை வேறொன்று. "போகாதே" என்பது உத்தரவு. "ஏன் போகக்கூடாது, எதுவரை போகக்கூடாது, எப்போது போகலாம்" என்பதுதான் தகவல். உத்தரவு மட்டும் கேட்டுப் பழகிய மக்கள், போலீஸ்காரர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து இறங்குவார்கள். காரணம் தெரிந்தவன் காவலுக்கு ஆள் இல்லாதபோதும் இறங்க மாட்டான். பொழுதுபோக்குக்காக ஆற்றுக்கும் மலைக்கும் போகிற லட்சக்கணக்கான நம் மக்களுக்கு அவர்கள் போகிற இடத்துக்கான வானிலையை யாரும் சொல்வதில்லை. என் சண்டை அதைப் பற்றித்தான்.

முதலில் நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாக அறிக்கை தருகிறது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறமும் கொடுக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாமக்கல் மாவட்டம் என்பது ஒரே இடமா? ஆற்றங்கரையில் இருக்கும் பள்ளிபாளையமும் நாமக்கல்தான். கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கு மேல் இருக்கும் கொல்லிமலையும் நாமக்கல்தான். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி ஆகாய கங்கையில் குளிக்கப் போகிறவனுக்கும், இங்கே விசைத்தறிக் கொட்டகையில் வேர்த்து நிற்கிறவனுக்கும் "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை" என்ற ஒரே வரிதான். அந்த ஓரிரு இடம் எது? அருவிக்கு மேலே உள்ள காடா, நம் வீட்டு மொட்டை மாடியா?

ஆற்றின் கதை இன்னும் வேடிக்கை. இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும். ஒரு சொட்டு மழை இருக்காது. ஆறு மட்டும் பொங்கிக்கொண்டு வரும். ஏனென்றால் நம் வெள்ளம் நம் வானத்திலிருந்து வருவதில்லை. குடகில் பெய்த மழை காவிரியிலும், வயநாட்டில் பெய்த மழை கபினியிலும் வந்து, மேட்டூரை நிரப்பி, பிறகுதான் நம்மிடம் வருகிறது. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் பள்ளிபாளையம், குமாரபாளையம் தாழ்வான தெருக்களில் தண்ணீர் புகுந்ததை நாம் மறக்கவில்லை. 2024 ஜூலை கடைசியில் மேட்டூர் 120 அடியைத் தொட்டது. ஆடிப்பெருக்கு நேரத்தில் லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். புதுப்பெண்கள் தாலிக்கயிறு மாற்றும் நாளில் ஆற்றில் இறங்கக் கட்டுப்பாடு. அன்றைக்கு நாமக்கல் மாவட்ட மழை அறிக்கையை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது?

கன அடிக் கணக்கும் அப்படித்தான். "வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி" என்று செய்தியில் படிப்பார்கள். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு லட்சம் கன அடி என்றால் வினாடிக்கு 28 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் 235 ஒரே வினாடியில் உங்களைக் கடந்து போவதாக நினைத்துப் பாருங்கள். இப்படிச் சொன்னால் எழுத்தறியாத பாட்டிக்கும் விளங்கும். அதைவிட முக்கியம், திறந்த தண்ணீர் எத்தனை மணிக்கு நம் படித்துறைக்கு வரும், படி எத்தனை முங்கும் என்பது. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை, சமயசங்கிலி, ஓடப்பள்ளி என்று மின்சாரத்துக்காகக் கதவணைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் கதவைத் திறக்கிறவர்கள் இருக்கிறார்கள், கணக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கு எல்லாம் அலுவலகத்தில் இருக்கிறது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவனிடம் மட்டும் இல்லை.

அடுத்தது காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்ன ஊர் நம் ஊர். பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகல வாசல். தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் காற்று அந்த வாசலில் நெருக்கிக்கொண்டு புகுந்து, பல்லடம், உடுமலைப்பேட்டைக் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, நம் பக்கம் வருகிறது. மத்தியானத்துக்குமேல் நிலம் சூடேற ஏற, காற்றும் வேகம் பிடிக்கும். ஆற்றின் அகலமான தண்ணீர்ப்பரப்பில் அதைத் தடுக்க மரமும் இல்லை, வீடும் இல்லை.

பூலாம்பட்டிக்குப் போனவர்களுக்கு இது தெரியும். கதவணைத் தண்ணீர் ஏரிபோல் பரந்து கிடக்கும். பூலாம்பட்டியிலிருந்து அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு. ஞாயிற்றுக்கிழமை குழந்தை குட்டியோடு கூட்டம். மேற்கே போகும்போது ஆடிக்காற்று முகத்தில் அடிக்கும். காலை எட்டு மணித் தண்ணீரும் மத்தியானம் மூன்று மணித் தண்ணீரும் ஒன்றல்ல. படகுக்காரர் அலையைப் பார்த்து முடிவு செய்கிறார். அவர் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கூட்டம் நிற்கிற நாளில், வரும்படி கண்ணில் தெரிகிற நேரத்தில், எல்லாப் பொறுப்பையும் ஒரு படகுக்காரர் தலையில் வைப்பது நியாயமா?

கடலுக்குப் போகும் மீனவருக்கு ஒவ்வொரு நாளும் காற்று எச்சரிக்கை வருகிறது. மணிக்கு இத்தனை கிலோமீட்டர், இடையிடையே இத்தனை என்று எண்ணோடு சொல்கிறார்கள். ஆற்றில் பரிசல் ஏறுகிறவனுக்கு அந்த எண் இல்லை. பரிசல் வட்டமானது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒரு சுழிக்காற்று போதும், அது தன்னைத்தானே சுற்ற ஆரம்பிக்க.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் கொலம்பியா ஆறு ஒரு மலைத்தொடரைப் பிளந்துகொண்டு ஓடுகிறது. அங்கேயும் கோடையில் கடல்பக்கம் குளிர்ச்சி, உள்நாட்டில் சூடு, நடுவில் கணவாய். நம் பாலக்காட்டுக் கதைதான். அந்தக் காற்றில் பாய்மரப் பலகை ஓட்டி விளையாடுவதற்காகவே மக்கள் வருகிறார்கள். அவர்களுக்கென்று அந்தந்தத் துறைக்குக் காற்றின் வேகம் மணிவாரியாகக் கணித்துச் சொல்கிறார்கள். ஐரோப்பாவின் பனிமலைகளில் பனிச்சரிவு அபாயத்தை 1993 முதல் ஒன்றிலிருந்து ஐந்துவரை ஒரே அளவுகோலில் சொல்கிறார்கள். விளையாடப் போகிறவன் உயிரும் உயிர்தான் என்று அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

"நமக்கு எங்கேங்க பனி?" என்று கேட்க வேண்டாம். இன்று நம் தெருவிலிருந்தே கேதார்நாத்துக்கும் பத்ரிநாத்துக்கும் வருடந்தோறும் ஆள் போகிறது. சித்திரை, வைகாசியில் கோயில் நடை திறக்கும்போது மேலே பனி இன்னும் உருகிக்கொண்டிருக்கும். காலையில் கெட்டியாக இருக்கும் பனி மத்தியானம் இளகிக் கால் புதையும். 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சகஸ்திர தால் பாதையில் 22 பேர் கொண்ட மலையேற்றக் குழு பனிப்புயலில் சிக்கியது. ஒன்பது பேர் இறந்தார்கள். நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்திலிருந்து போனவர்கள்.

நம் மலைகளுக்கு வருவோம். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. சென்னையிலிருந்து ஒரு குழு, நம் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து ஒரு குழு. கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது காட்டுத்தீ சூழ்ந்தது. மொத்தம் 23 உயிர். காய்ந்த புல், மாசி வெயில், சரிவில் ஏறும் காற்று. தீயைவிட வேகமாக மனிதன் மலையில் ஓட முடியாது. அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. இப்போது வனத்துறையே பாதைகளை நடத்துகிறது, தீக் காலத்தில் மூடுகிறது. பாராட்டுகிறேன். ஆனால் காற்று நாட்காட்டி பார்த்து வீசுவதில்லை.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்தது அதற்குச் சாட்சி. சீசன் இன்னும் தொடங்கவில்லை. மே மாதம், கோடை. தென் மாவட்டங்களுக்குக் கனமழை எச்சரிக்கை இருந்தது. மேலே மலையில் மழை பெய்து, அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்த கூட்டம் சிதறி ஓடியது. பாளையங்கோட்டையைச் சேர்ந்த 17 வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். எச்சரிக்கை மாவட்டத்துக்கு வந்தது. அருவிக்கு அடியில் நிற்பவன் காதுக்கு வரவில்லை. அந்த இடைவெளிதான் ஆளைக் கொல்கிறது.

"வசதி இல்லை" என்ற பேச்சு இனிமேல் செல்லாது. 2024 அக்டோபரில் கிராம ஊராட்சி அளவிலான வானிலைக் கணிப்பை மத்திய அரசு தொடங்கியது. 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் கட்டங்களில் கணிக்கும் புதிய முறையும் வந்துவிட்டது. மத்திய நீர்வளக் குழுமம் வெள்ள நிலவரத்துக்குச் செயலி வைத்திருக்கிறது. அமர்நாத் யாத்திரைக்கு வானிலைத் துறை தனி அறிக்கை வெளியிடுகிறது. அங்கே முடிகிறது என்றால் வெள்ளியங்கிரிக்கும் சதுரகிரிக்கும் கொல்லிமலைக்கும் ஏன் முடியாது?

இதற்கு எதிராக மூன்று வாதம் கேட்டிருக்கிறேன்.

ஒன்று, "ஜாலிக்குப் போகிறவனுக்கு எதற்கு அரசாங்கம் மெனக்கெட வேண்டும்?" அய்யா, அவன் நுழைவுச்சீட்டு வாங்குகிறான், வண்டி நிறுத்தக் காசு கொடுக்கிறான். மலர்க்கண்காட்சிக்கும் வல்வில் ஓரி விழாவுக்கும் வா வா என்று நாமே விளம்பரம் செய்து கூப்பிடுகிறோம். கூப்பிட்ட வீட்டுக்காரன் வழியில் பள்ளம் இருப்பதைச் சொல்ல வேண்டாமா?

இரண்டு, "எல்லாம் போனில் இருக்கிறது." இருக்கிறது. எந்தச் செயலியில், எந்த மொழியில், எத்தனையாவது பக்கத்தில்? கொல்லிமலை வளைவுகளில் போனில் சிக்னல் எத்தனை இடத்தில் நிற்கிறது? படித்துறையில் ஈரக்கையோடு நிற்கும் எழுபது வயதுக்காரர் எதைத் தட்டிப் பார்ப்பார்?

மூன்று, "கணிப்பு பொய்த்துப் போனால் மக்கள் நம்ப மாட்டார்கள்." பொய்க்கும்தான். தனி அறிக்கை இருந்தும் 2022 ஜூலையில் அமர்நாத் குகையருகே திடீர் வெள்ளத்தில் பதினைந்து பேருக்கு மேல் போனார்கள். மலை மழையைத் துல்லியமாகச் சொல்வது கடினம். அதனால்தான் ஒரே வார்த்தையில் தடை என்று சொல்லாமல் "இத்தனை வாய்ப்பு, மத்தியானத்துக்குமேல் அதிகம்" என்று சொல்லுங்கள் என்கிறேன். நம் விவசாயி அறுபது வருடமாக மழை வரும், வராது என்பதை வைத்துக் கணக்குப் போட்டுப் பிழைத்தவன். வாய்ப்பு என்றால் என்ன என்று அவனுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. ஒவ்வொரு படித்துறையிலும், படகுத்துறையிலும், மலை அடிவாரச் சோதனைச் சாவடியிலும் ஒரு கரும்பலகை. தினம் காலையிலும் மத்தியானமும் தமிழில் நான்கே வரி. மேலே எங்கே மழை. இன்று காற்று எந்தப் பக்கம், எத்தனை வேகம், எந்நேரம் கூடும். அணையில் எவ்வளவு திறப்பு, தண்ணீர் இங்கே எத்தனை மணிக்கு வரும். எத்தனை மணிக்குள் கரையேற வேண்டும் அல்லது மலை இறங்க வேண்டும். சுண்ணக்கட்டியும் ஒரு ஆளும் போதும்.

இதை நாம் கேட்டு வாங்க வேண்டும். கிராமசபையில் தெருவிளக்கும் சாக்கடையும் கேட்கிறோம். ஆற்றங்கரை ஊராட்சிகளில் இருப்பவர்கள் இதையும் ஒரு தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். நகராட்சி எல்லையில் இருக்கும் நாம் நம் வார்டு உறுப்பினரிடம் கொடுப்போம். அடுத்த ஆடிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. படித்துறையில் கயிறு கட்ட ஆள் வரும்போது, கையில் ஒரு சுண்ணக்கட்டியும் கொண்டுவரச் சொல்லுங்கள்.