ஹார்மோன் மாத்திரை: பயந்து நிறுத்துவதும் தவறு, கேளாமல் தொடர்வதும் தவறு

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்கள் எடுத்துக்கொள்ளும் ஹார்மோன் மருந்துகளின் மீது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அச்சிடப்பட்டு வந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையை நீக்கப் போவதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 நவம்பர் 10ஆம் நாள் அறிவித்தது. இதய நோய், மார்பகப் புற்றுநோய், மறதி நோய் ஆகியவை பற்றிய வாசகங்கள் அந்தக் கட்டத்திலிருந்து எடுக்கப்படுகின்றன. கருப்பை உள்ள பெண் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை மட்டும் தனியாக எடுத்தால் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் வரலாம் என்ற எச்சரிக்கை மட்டும் அப்படியே இருக்கும்.

செய்தி வந்ததும் ஒரு தரப்பினர் "இனி பயமே இல்லை" என்றார்கள். வேறு சிலர், ஆபத்தை மூடி மறைக்கிறார்கள் என்றார்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டவர்கள், ஏற்கெனவே மாத்திரையைத் தொடங்கி, அதன் பக்கவிளைவுகளோடு அன்றாடம் போராடிக்கொண்டிருக்கும் பெண்கள். தொடங்கிய சில வாரங்களில் தலைவலியோ உதிரப்போக்கோ கண்டு, யாரிடமும் சொல்லாமல் மருந்தை அலமாரியில் வைத்துவிட்டு, மறுபடியும் இரவு வியர்வையோடு கண் விழித்துக் கிடப்பவர்கள் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு.

பயம் எங்கிருந்து வந்தது?

2002 ஜூலையில் அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்துகொண்டிருந்த ஒரு பெரிய ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் வகை ஆகிய இரண்டையும் சேர்த்து மாத்திரையாக எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்பட்டதே காரணம். மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு கூடியது என்ற தலைப்பு உலகெங்கும் பரவியது. அடுத்த ஆண்டே மருந்துப் பெட்டிகளில் கறுப்புக் கட்டம் ஏறியது. மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த பல இலட்சம் பெண்கள் ஒரே மூச்சில் நிறுத்தினார்கள்.

அந்த 26 விழுக்காட்டை எண்ணிக்கையில் பார்த்தால் வேறு படம் தெரியும். மருந்து எடுக்காத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 30 பேருக்கு வந்த நோய், மருந்து எடுத்த 10,000 பேரில் 38 பேருக்கு வந்தது. அதாவது கூடுதலாக 8 பேர். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயதும் 63. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கழிந்தவர்களே அதிகம். 50 வயதில் உடல் அனல் தாங்காமல் மருத்துவரிடம் போகும் பெண்ணுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்திப் பார்த்ததுதான் பிழை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற 10 ஆண்டுக்குள் தொடங்குவோருக்கு நன்மை மேலோங்கும் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டிகளின் பொதுவான நிலை.

அதற்காக ஆபத்து இல்லை என்றும் சொல்ல முடியாது. 2019இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, 50 வயதில் தொடங்கி 5 ஆண்டுகள் இரு ஹார்மோன்களையும் அன்றாடம் சேர்த்து எடுக்கும் ஏறக்குறைய 50 பெண்களில் ஒருவருக்கு, அடுத்த 20 ஆண்டுக் காலத்தில் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வரலாம் எனக் கணித்தது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுப்போரிடம் இது 200இல் ஒருவர். கட்டம் போனாலும் இந்தக் கணக்கு போகவில்லை. எடுப்பதா வேண்டாமா என்பதை இதையும் தெரிந்துகொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் மூன்று மாதம்

பெரிய ஆபத்துகளைப் பற்றி இவ்வளவு பேச்சு நடக்கிறது. ஆனால் பெண்கள் மருந்தை விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் சின்னத் தொல்லைகளே. மார்பு கனத்து வலிப்பது, வயிறு உப்புவது, குமட்டல், தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, எதிர்பாராத உதிரப்போக்கு, மனம் சட்டென்று சோர்வது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றில் பல, உடல் பழகப் பழக மூன்று மாதத்துக்குள் தணிந்துவிடும். அதுவரை தாக்குப்பிடிக்கச் சில எளிய வழிகள் உண்டு.

குமட்டல் இருந்தால் மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போடலாம். புரோஜெஸ்ட்ரோன் மாத்திரை தூக்கக் கலக்கம் தருமென்றால், மருத்துவரிடம் கேட்டு அதைப் படுக்கப் போகும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். கால் பிடிப்புக்கு, நாள்தோறும் நடப்பதும் கெண்டைக்காலை நீட்டி மடக்குவதும் உதவும். உடல் எடை கூடுவதற்கு மாத்திரையைப் பலர் குறை சொல்கிறார்கள். அந்த வயதில் எடை கூடுவது இயல்பு. ஹார்மோன் சிகிச்சைதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை.

உதிரப்போக்கு தான் பலரையும் கலங்கடிப்பது. நின்றுபோன மாதவிடாய் மறுபடியும் வந்துவிட்டதோ, புற்றுநோயோ என்று மனம் பதறும். தொடங்கிய முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் திட்டுத் திட்டாக உதிரம் படுவது அடிக்கடி நடப்பதுதான். வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியிலேயே எந்த நாள், எவ்வளவு என்று குறித்து வைத்தால் மருத்துவருக்கு அதுவே பெரிய துணை. ஆறு மாதத்துக்குப் பிறகும் தொடர்ந்தாலோ, நின்றபின் புதிதாக வந்தாலோ, அளவு அதிகமானாலோ கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

மூன்று மாதமாகியும் தொல்லை குறையவில்லை என்றால், அந்த மருந்து அந்த உடலுக்குச் சரிப்படவில்லை என்றுதான் பொருள். சிகிச்சையே சரிப்படாது என்று முடிவு கட்டிவிடத் தேவையில்லை. அளவைக் குறைக்கலாம். புரோஜெஸ்ட்ரோன் வகையை மாற்றலாம். மாத்திரைக்குப் பதிலாகத் தோலில் பூசும் ஜெல் அல்லது ஒட்டுப்பட்டை தரலாம். உறவின்போது வறட்சியும் எரிச்சலும் மட்டுமே தொல்லை என்றால், அந்த இடத்தில் மட்டும் பூசும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் போதும். அது இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கிறது. இந்த மாற்றங்களையெல்லாம் செய்ய வேண்டுமானால் அந்தப் பெண் கிளினிக்குக்குத் திரும்பிப் போக வேண்டும். பலரும் தவறுவது அந்த இடத்தில்தான்.

ஒன்றை மட்டும் நிறுத்தும் ஆபத்து

திரும்பிப் போகாதவர்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள். இரண்டு மாத்திரை கொடுத்திருப்பார்கள். ஒன்று உடல் அனலைக் குறைக்கிறது, தூக்கம் வருகிறது. மற்றொன்று மயக்கத்தையும் வயிற்று உப்புசத்தையும் கொடுக்கிறது. தொல்லை தரும் மாத்திரையை விட்டுவிட்டு நல்லதை மட்டும் தொடர்வது புத்திசாலித்தனமாகத் தோன்றும்.

மிகவும் ஆபத்தானது இதுதான். தொல்லை தருகிற அந்தப் புரோஜெஸ்ட்ரோன்தான் கருப்பையைக் காக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்யும். புரோஜெஸ்ட்ரோன் அதைக் கட்டுப்படுத்தும். காவலை எடுத்துவிட்டு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தொடர்ந்தால், உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. அமெரிக்க நிர்வாகம் மற்ற வாசகங்களை எடுத்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் கட்டத்துக்குள் விட்டு வைத்ததற்குக் காரணமும் இதுவே. கருப்பையை அறுவைச் சிகிச்சையில் எடுத்துவிட்டவர்களுக்குப் பொதுவாக இந்த இரண்டாவது மருந்து தேவைப்படாது. அக்கம்பக்கத்தில் ஒருவர் ஒரே மாத்திரை போடுகிறார் என்பதற்காக மற்றவரும் அப்படிச் செய்யக் கூடாது. தாங்க முடியவில்லை என்றால் இரண்டையும் சேர்த்தே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்ப்பது, ஒன்றை மட்டும் தொடர்வதைவிட மேல்.

வேறு சில அறிகுறிகளுக்கு நாள்காட்டியும் தேவையில்லை, காத்திருப்பும் தேவையில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சு வலி, திடீர் மூச்சுத்திணறல், இதுவரை வந்திராத கடும் தலைவலி, பார்வை மங்கல், ஒரு பக்கம் கை கால் வலுவிழப்பது ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். விழுங்கும் மாத்திரை இரத்தக் கட்டி உண்டாகும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகிறது என்பதால் இந்த எச்சரிக்கை.

இந்தியப் பெண்களுக்குத் தனிக் கவனம்

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். இனிப்பு நீர், இரத்த அழுத்தம், கொழுப்பு, உடல் பருமன் ஆகியவை சேர்ந்துள்ள ஒரு பெண்ணுக்கு விழுங்கும் மாத்திரையைவிடத் தோல் வழி மருந்தே பாதுகாப்பானது என்று மருத்துவர்கள் கருதுவதுண்டு; வழக்கமான அளவில் அது இரத்தக் கட்டி ஆபத்தைக் கூட்டுவதில்லை. ஆகவே, முதல் சந்திப்பிலேயே வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் எடுத்துப் போய்க் காட்டுவது அவசியம். மார்பகப் புற்றுநோய், இரத்தக் கட்டி, கடுமையான ஈரல் நோய் இருந்தவர்களுக்கு இந்தச் சிகிச்சை பொதுவாகத் தரப்படுவதில்லை. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத வேறு மருந்துகள் உண்டு.

தோல் வழி மருந்திலும் நடைமுறைச் சிக்கல் உண்டு. செம்பனைக் காட்டில் காலை முதல் மருந்து தெளிக்கும் பெண்ணின் உடலில் வியர்வையால் ஒட்டுப்பட்டை கழன்று விழலாம். அவருக்கு ஜெல் பொருந்தும். வேலை முடிந்து குளித்துத் துடைத்தபின் கையிலோ தொடையிலோ பூசி, காயவிட்டு, கையைக் கழுவ வேண்டும். அது காயும் வரை பேரப்பிள்ளைகள் அந்த இடத்தைத் தொடக் கூடாது. அருகிலுள்ள கிளினிக்கில் எது கிடைக்கும், வெளியில் வாங்கினால் என்ன விலை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. பணத்தைவிடப் பெரிய தடைகள் வேறு. ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போகும். ஆண் மருத்துவரிடம், அதுவும் மலாயிலோ ஆங்கிலத்திலோ, உதிரப்போக்கையும் உறவு வலியையும் சொல்ல நா எழாது. பெண் மருத்துவரையோ தாதியையோ கேட்க உரிமை உண்டு. சொல்ல வேண்டியதைப் படித்த மகளிடமோ மருமகளிடமோ சொல்லி ஒரு தாளில் எழுதி வாங்கிப் போகலாம். மார்பகப் பரிசோதனைக்கும் கருப்பை வாய்ப் பரிசோதனைக்கும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் கிளினிக்குகளையும் நாடலாம்.

பேச ஆளில்லாத இடத்தில்தான் வேறு கடைக்காரர்கள் நுழைகிறார்கள். 'பக்கவிளைவே இல்லாத இயற்கை மருந்து' என்று கைப்பேசி வழி விற்கப்படும் ஜாமு, மாத்திரை வகைகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்துள்ளனர். அது இனிப்பு நீரை ஏற்றிவிடும். எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் பாதுகாப்பு ஒட்டுவில்லையும் இல்லாத எதையும் வாங்கக் கூடாது. ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

மலேசியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 50 வயதையொட்டி. தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அப்படியானால் வேலைக்காலத்தின் கடைசிப் பத்தாண்டை ஒரு பெண் இந்த உடல் மாற்றத்தோடுதான் கழிக்கிறார். அவருடைய இரவுத் தூக்கமும் பகல் உழைப்பும் குடும்பத்தின் வருமானத்தோடு இணைந்தவை. "வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே" என்று கணவரும் பிள்ளைகளும் கைகழுவிவிட்டால், அவர் மாத்திரையையும் விடுவார், மருத்துவரையும் விடுவார். மூன்றாவது மாத முடிவில் "கிளினிக்குக்கு எப்போது போகணும், நானும் வர்றேன்" என்று வீட்டில் ஒருவர் கேட்டால், அவர் கட்டாயம் திரும்பிப் போவார்.