கழிவுக்கு இன்னொரு பேரு மறுபயன்பாடா?

களர் நிலத்தோட மல்லுக்கட்டினவனுக்கு ஒண்ணு நல்லாத் தெரியும். மண்ணுல சோடியம் ஏறிட்டா களிமண்ணு கட்டுப்பட்டு நிக்காது. நனைஞ்சா கொழகொழன்னு சேறு, காய்ஞ்சா பொருக்கு, மிதிச்சா மாவு. அதுக்குத்தான் ஜிப்சம் போட்டு, தண்ணி கட்டி வடிய விடுறோம். ஜிப்சத்துல உள்ள கால்சியம் சோடியத்தை வெளியே தள்ளும்.

இப்ப அமெரிக்காவுக்கு வாங்க. பென்சில்வேனியா மாநிலத்துல மண் ரோடுகள் நிறைய. புழுதி அடங்கணும்னு, எண்ணெய்க் கிணறுகள்ல எண்ணெயோட சேர்ந்து வர்ற உப்புத் தண்ணியை அதுல பல வருஷமா டேங்கர்ல தெளிச்சாங்க. கடல் தண்ணியைவிடப் பல மடங்கு உப்பு. பூமிக்கு அடியில இருந்து வர்றதால ரேடியம்கிற கதிரியக்கப் பொருளும் அதுல கரைஞ்சிருக்கும். இதுக்கு வச்ச பேரு 'மறுபயன்பாடு'.

புழுதியும் கெடுதல்தானே, ஊராட்சிகிட்ட காசு இல்லையே, இது ஓசியில கிடைக்குதேன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா புழுதி அடங்குச்சா? பென் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதிச்சு 2022-ல் சொன்னது: கடையில விக்கிற புழுதி மருந்து அளவுக்கு இது வேலை செய்யலை, மழைத் தண்ணியைவிடப் பெரிசா உசத்தியும் இல்லை. காரணம், அந்தத் தண்ணியில இருக்கிற சோடியம். களர் நிலத்துக்காரனைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பான்!

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவங்க 2018-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இன்னும் மோசம். 2008-லிருந்து 2014 வரைக்கும் அந்த மாநிலத்துல எண்ணெய், எரிவாயுக் கழிவு விபத்தாக் கொட்டி வெளியேறின ரேடியத்தைவிட, ரோட்டுல தெளிச்சதால வெளியேறினது சுமார் 200 மடங்கு. ரேடியம் உடம்புக்குள்ள போனா கால்சியம் மாதிரி எலும்புல போய் உக்காந்துக்கும். அதுல ஒரு வகை பாதியாக் குறையவே சுமார் 1600 வருஷம் ஆகும்.

சட்டம் என்ன பண்ணுச்சுன்னு கேக்குறீங்களா? எண்ணெய், எரிவாயு எடுக்கிறப்ப வர்ற கழிவை அபாயக் கழிவுக்கான கடுமையான விதிகளுக்குள்ள கொண்டுவரத் தேவையில்லைன்னு அமெரிக்க மத்திய அரசு 1988-லேயே முடிவு பண்ணிடுச்சு. 2018-ல் ஒருத்தர் சட்டப்படி எதிர்த்துப் போன பிறகு பென்சில்வேனியா சுற்றுச்சூழல் துறை அனுமதி குடுக்கிறதை நிறுத்துச்சு. உடனே சில கம்பெனிகள், "இது கழிவே இல்லை, துணைப் பொருள்"னு சொல்லித் தெளிக்க ஆரம்பிச்சாங்க. பேரை மாத்தினா தண்ணி மாறிடுமா?

எங்கிட்ட ஒரு எளிய கணக்கு இருக்கு. மாட்டுச் சாணியை நான் காசு குடுத்து வாங்குறேன். எனக்குப் பலன் இருக்கு, அதனால அது மறுபயன்பாடு. சுத்தம் பண்ற செலவை மிச்சம் பிடிக்கிறதுக்காக ஒருத்தன் தன் கழிவை ஊரான் ரோட்டுல ஊத்தினா, அதுக்குத் தமிழ்ல கொட்டுறதுன்னு பேரு.

நம்ம டெல்டாவுலயும் எண்ணெய்க் கிணறுகள் இருக்கு. 2020-ல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் புதுக் கிணறுகளைத்தான் தடுக்குது, ஏற்கனவே இருக்கிறதை இல்லை. அந்தக் கிணறுகள்லயும் எண்ணெயோட தண்ணி வரும். நாளைக்கு யாராவது 'மறுபயன்பாடு'ன்னு அழகான பேரோட வந்தா, நகரத்துல இருக்கிற நீங்க கைதட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "இதனால செலவு மிச்சம் யாருக்கு?"