“ஈசிதான், எல்லாரும் வாங்கோ” என்று எழுதாதீர்கள்

கோடை தொடங்கினால் நம் வட்ஸ்அப் குறூப்புகளில் ஒரு மெசேஜ் வரும். “ஞாயிறு, அருவி, மலையிடுக்கு, நல்ல சலஞ்ச்! ஈசிதான், எல்லாரும் வாங்கோ.”

இது ஒரு பொய். கடினமான பாதை என்றால் எல்லாராலும் வர முடியாது. எல்லாரும் வரலாம் என்றால் அதில் சலஞ்ச் இல்லை. ஆள் சேர்க்கத்தான் இரண்டையும் ஒன்றாக எழுதுகிறோம். எனக்குத் தெரியும், நானும் எழுதியிருக்கிறேன்.

பாரில் தொடங்கி, லோர்ட்சே ஆறு வெட்டிய மலையிடுக்கால் ஏறி, மென்சிங்கன் தாண்டி, சீல் ஆறு பாறைகளுக்குள் நெரிந்து பாயும் சீல்ஸ்ப்ருங்வரை ஒரே நாளில் போவதாகத் திட்டம். 22 பேர் வந்தோம். மஞ்சள் பலகையில் போட்டிருந்த நேரங்களைக் கூட்டி ‘மாலைக்குள் வீடு’ என்றேன். அந்த நேரத்தில் ஓய்வு சேராது. தட்டையான பாதையில் மணிக்கு 4.2 கிலோமீற்றர் நடப்பவருக்கான கணக்கு அது. 22 பேர் படம் எடுத்து, சாப்பிட்டு, சப்பாத்து நாடா கட்டி நடக்கிற கணக்கு வேறு. பொறியியல் படித்தவனுக்கு அது தெரியவில்லை.

சீல் கரையின் ஈரப் பாறையில், வெள்ளை ஸ்னீக்கரோடு வந்த ஒரு தங்கச்சி வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டா. அந்தச் சப்பாத்து அவவின் பிழை இல்லை. ‘ஈசி’ என்று எழுதியது நான். இரவு அவவின் அப்பா என்னை ஒன்றும் ஏசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவவை எங்கும் விடவில்லை, தங்கையையும் விடவில்லை. நம் வீடுகளில் பாதை பற்றிய பொய்க்குப் பெடியன்கள் விலை கொடுப்பதில்லை. பெட்டையள்தான் கொடுக்கிறார்கள்.

“கால் முறிவுதானே அண்ணா” என்பீர்கள். 1999 யூலை 27 அன்று இன்டர்லாக்கனுக்குப் பக்கத்தில் சாக்செட்பாக் ஓடையில் 21 பேர் இறந்தார்கள். மேலே பெய்த இடிமழையின் வெள்ளம் ஒடுங்கிய இடுக்கு வழியே திடீரென்று வந்து அடித்துக்கொண்டு போனது. செத்தவர்களில் வழிகாட்டிகளும் இருந்தார்கள். 2001இல் நீதிமன்றம் அந்தப் பயணத்துக்குப் பொறுப்பானவர்களில் ஆறு பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அவர்கள் தண்ணீருக்குள் இறங்கியவர்கள், நாங்கள் கரையில் நடப்பவர்கள், உண்மைதான். ஆனால் இடுக்குக்குள் நிற்கிறவனுக்குத் தலைக்குமேல் தெரிகிற வானம் ஒரு துண்டுதான். மழை மேலே எங்கோ பெய்யும், தண்ணீர் இங்கே வரும்.

நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. சுவிஸ் அல்பைன் கழகத்தின் அளவுகோல் டி1 தொடக்கம் டி6 வரை இருக்கிறது. அந்த எண்ணை மெசேஜில் போடுங்கள். பாதை அடையாளம் வெறும் மஞ்சளா, வெள்ளை-சிவப்பு-வெள்ளையா என்று எழுதுங்கள். இரண்டாவது மலைப்பாதை, அங்கே ஸ்னீக்கர் சரிவராது. மெதுவாக நடப்பவரை முன்னுக்கு விடுங்கள். அவரைப் ‘பாரம்’ என்று பகிடி பண்ணுகிறவனை அடுத்த முறை கூப்பிடாதீர்கள். ரேகாவின் 1414 எல்லாருடைய ஃபோனிலும் இருக்கட்டும்.

சனி இரவு இடிமழை எச்சரிக்கை வந்தால் ரத்து செய்யுங்கள். “எல்லாரும் ரெடி, இப்ப எப்படி நிப்பாட்டுறது?” என்ற வெட்கம்தான் நம்மை மலைக்குத் தள்ளுகிறது. வெட்கப்பட்டாலும் பரவாயில்லை, நிப்பாட்டுங்கள்.

இந்த மாதம் நான் அனுப்பிய மெசேஜ் இது: “ஞாயிறு, சீல்ஸ்ப்ருங் மட்டும். இரண்டு இடத்தில் வழுக்கும். பிடிப்புள்ள சப்பாத்து இல்லாதவர்கள் வேண்டாம், கோபிக்காதேங்கோ. 2 மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவோம். பாதையின் படம் கீழே, அம்மா அப்பாவுக்கும் காட்டுங்கோ.”

ஒன்பது பேர் வருகிறார்கள். அதில் ஐந்து பேர் பெட்டையள்.